காவற்படை கண்ட இராபர்ட் பீல்

இரவில் நாம் அச்சமின்றி உறங்குகின்றோமெனின், நமக்காகத் தெருவில் எவரோ ஒருவர் உறங்காது விழித்திருக்கின்றார் என்பது பொருள். சீருடை அணிந்து, எண் தாங்கி, அரசிடம் ஊதியம் பெற்று, சட்டத்திற்குத் தாமும் அடங்கி நின்று ஊரைக் காக்கும் காவலர் கூட்டம் இன்று எந்நாட்டிலும் காணப்படுவது. ஆயினும், இலண்டன் மாநகரில் அத்தகைய அமைப்புத் தோன்றியது 1829-ஆம் ஆண்டில்தான். அதனைத் தோற்றுவித்தவர் இராபர்ட் பீல் என்னும் பெருமகனார்.

பீல், இங்கிலாந்தின் வடபகுதியாகிய இலங்காசயரில், பெரி என்னும் ஊரையடுத்து 1788-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பெயரும் இராபர்ட் பீல் என்பதே. அவர் பருத்தித் துணியில் அச்சிடும் ஆலைகள் வைத்துப் பெருஞ்செல்வம் ஈட்டியவர், நாடாளுமன்ற உறுப்பினருமாவார். தம் மகன் அரசியலில் உயர்ந்து விளங்கவேண்டும் என்பது அவர்தம் வேட்கை. ஞாயிறுதோறும் கோயிலில் கேட்ட சமயச் சொற்பொழிவை வீடு திரும்பியதும் ஒன்றுவிடாது திருப்பிக் கூறுமாறு சிறுவனைப் பயிற்றினார் என்பர். அப்பயிற்சியின் பயன் பின்னர் விளங்கிற்று. ஹாரோ பள்ளியிலும் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்திலும் கற்ற பீல், 1808-ஆம் ஆண்டு இலக்கியம், கணிதம் ஆகிய இரு துறைகளிலும் ஒருங்கே முதல் வகுப்பில் தேறினார். மறு ஆண்டிலேயே, இருபத்தோராம் அகவையில், நாடாளுமன்றத்தில் இடம்பெற்றார்.

1812-ஆம் ஆண்டு அவர் அயர்லாந்தின் தலைமைச் செயலராக அமர்த்தப்பட்டார். அக்காலத்து அயர்லாந்து அமைதியற்ற நாடு. நிலக்கிழார்க்கும் குடியானவர்க்கும் இடையே பகை மூண்டிருந்தது. கத்தோலிக்க சமயத்தினர் நாடாளுமன்றத்தில் அமர்தற்கும் உரிமையிலர். கலகம் எழுந்தபொழுதெல்லாம் இராணுவத்தை ஏவுவதன்றி அரசுக்கு வேறு வழி தெரியவில்லை. இராணுவம் போருக்கென அமைந்தது. பகைவரை அழிப்பதே அதன் தொழில். சொந்தக் குடிகளின்மேல் அதனை ஏவினால் கலகம் அடங்கலாம். உள்ளத்துப் பகை அடங்குமோ? இதனைக் கருதிய பீல், 1814-ஆம் ஆண்டு அமைதிகாக்கும் படையொன்றை ஆங்கு நிறுவினார். அது படைக்கலம் தாங்கியதே. எனினும், நடுவரின் ஆணைக்கு அடங்கிக் குற்றம் மிகுந்த மாவட்டங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டது.

அயர்லாந்தில் அவர் இருந்தகாலத்து நிகழ்ச்சியொன்று சுவையுடையது. அந்நாட்டு மக்கள் தலைவராகிய டேனியல் ஓகானலுக்கும் பீலுக்கும் 1815-ஆம் ஆண்டு சொற்பூசல் முற்றி, கைத்துப்பாக்கி கொண்டு இருவரும் தனிப்போர் புரிவதென முடிவாயிற்று. சட்டம் அதனைத் தடுக்குமாதலின், கடல் கடந்து ஆஸ்டெண்டு நகரில் அதனை நிகழ்த்தக் கருதினர். ஓகானல் அங்குச் செல்லும் வழியில் இலண்டனில் பிடிக்கப்பட்டார். அமைதி குலைக்காதிருக்குமாறு பிணையும் பெறப்பட்டது. போர் நின்றது. பின்னாளில் காவற்படை கண்ட பெரியாரும் இளமையில் சட்டத்தின் கண்ணுக்கு மறைந்து சினந்தீர்க்க முயன்றவரே! அவரைக் காத்ததும் அச்சட்டமே.

1822-ஆம் ஆண்டு பீல் உள்நாட்டு அமைச்சரானார். அன்றைய இங்கிலாந்தின் குற்றச் சட்டம் கொடுமை மிக்கது. இருநூற்றுக்கு மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. கடையில் சிறுபொருள் திருடியவனுக்கும் கழுத்துக்கயிறு, கொலைஞனுக்கும் அதுவே. சாமுவேல் ரோமிலி போன்ற சான்றோர் இக்கொடுமையை மாற்றப் பல்லாண்டு முயன்றும் பெரும்பயன் காணாது மறைந்தனர். பீல் அப்பணியை மேற்கொண்டார். பல குற்றங்களுக்குத் தூக்குத் தண்டனையை நீக்கினார். சிதறிக் கிடந்த சட்டங்களைத் தொகுத்துச் சுருக்கினார். 1823-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தால், கைதிகளிடம் பணம் பறித்து வாழ்ந்த சிறைக்காவலர்க்கு அரசே ஊதியம் வழங்கச் செய்தார். பெண் கைதிகளைப் பெண்களே காவல் புரிய வேண்டும் என்றும் விதித்தார்.

தண்டனை கடுமையாயிருந்தும் குற்றம் ஏன் குறையவில்லை? திருடன் அகப்படுவது அரிதாயிருந்தது. அகப்பட்டாலும், அற்பக் குற்றத்திற்கு உயிரைப் பறிக்க மனமொவ்வாத நடுவர் குழுவினர் அவனை விடுவித்தனர். ஆகவே, தண்டனையின் கொடுமையினும், குற்றம் புரிந்தவன் தப்பான் என்னும் உறுதியே குற்றத்தைத் தடுக்கும் என்பது அறிஞர் கண்ட உண்மை. தண்டனையைக் குறைத்த பீல், காவலைப் பெருக்க வேண்டியவரானார். அவர்தம் இரு பணிகளும் ஒரே கொடியில் பூத்தவை என்றே கொள்ளல் வேண்டும்.

இலண்டனின் காவல் அந்நாளில் எவ்வாறு இருந்தது? நம் சிற்றூர்களில் முன்னாளில் தலையாரி இருந்தவாறு, அங்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ஊர்க்காவலர் இருந்தனர். அவருட் பலர் முதுமையால் தளர்ந்தவர். கையில் விளக்கும் கோலும் ஏந்தி நாழிகை கூவித் திரிவதோடு அவர் பணி முடிந்தது. புதின ஆசிரியரும் நடுவருமாகிய ஹென்றி பீல்டிங் 1749-ஆம் ஆண்டில் போ தெருவில் அமைத்த சிறு குழுவினர் திறமை மிக்கவர். எனினும் தொகையில் மிகச் சிலர். தேம்சு ஆற்றுத் துறைகளில் சரக்குகளைக் காக்க 1798-ஆம் ஆண்டில் ஒரு காவற்படை எழுந்தது. இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஒரு பகுதியில் திருடியவன் அடுத்த பகுதிக்கு ஓடிவிட்டால் துரத்துவார் இலர்.

இவ்வளவு குறையிருந்தும் மக்கள் காவற்படையை விரும்பினாரல்லர். இதுவே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. பிரெஞ்சு நாட்டில் அரசின் காவல்துறை வீடுதோறும் ஒற்றரை வைத்துக் குடிகளின் பேச்சையும் கடிதத்தையும் வேவு பார்த்ததை ஆங்கிலேயர் அறிவர். அத்தகைய படை தம் நாட்டிலும் தோன்றின் உரிமை அழியும் என அஞ்சினர். 1780-ஆம் ஆண்டு இலண்டனில் மூண்ட கலகத்தில் பல நாள் நகரம் எரிந்தது. இராணுவம் சுட்டதில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதன்பின்னும், 1785-ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட காவற்படை மசோதா எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 1822-ஆம் ஆண்டு பீல் அமைத்த ஆய்வுக்குழுவும், உரிமையுடைய நாட்டிற்கும் வலிய காவற்படைக்கும் பொருத்தம் இல்லை என்றே கூறி முடித்தது. அவ்வச்சத்தைப் பேதைமை எனத் தள்ளிவிடுதல் ஆகாது. ஆயுதமும் அதிகாரமும் ஒருவர் கையிற் சேர்ந்தால் எளியார்க்கு இடர் நேர்ந்ததை வரலாற்றின் பல ஏடுகள் கூறும்.

பீல் ஆறாண்டு பொறுத்தார். 1828-ஆம் ஆண்டு மீண்டும் ஒரு குழுவை அமைத்தார்; அக்குழு காவற்படை வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1829-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் இலண்டன் மாநகரக் காவற்படைச் சட்டம் நிறைவேறியது. பழைய நகரின் நடுப்பகுதியை ஆண்ட வணிகப் பெருமக்கள் தம் உரிமையை விட்டுக்கொடார் என்பதை உணர்ந்து, அப்பகுதியைச் சட்டத்தினின்றும் விலக்கிவிட்டார். அதனாலேயே எதிர்ப்பும் தணிந்தது.

அமைப்பின் தலைமைக்கு இருவரைத் தெரிந்தெடுத்தார். ஒருவர் வாட்டர்லூப் போர்க்களம் கண்ட சார்லஸ் ரோவன்; மற்றவர் ரிச்சர்டு மேய்ன் என்னும் இளைய வழக்கறிஞர். ஒருவர் ஒழுங்கையும் கட்டுப்பாட்டையும் அறிந்தவர். மற்றவர் சட்டத்தின் எல்லையை அறிந்தவர். ஒயிட்ஹால் பிளேசில் 4-ஆம் எண் வீட்டில் இவர்தம் அலுவலகம் அமைந்தது. அவ்வீட்டின் பின்புறம் ஸ்காட்லாந்து யார்டு என்னும் இடத்தை நோக்கியிருந்தமையால், அப்பெயரே பின்னர் உலகெங்கும் பரவிற்று.

நகரம் பதினேழு பிரிவுகளாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவிற்கும் ஒரு கண்காணிப்பாளர், அவர்கீழ் ஆய்வாளர், அவர்கீழ்ச் சார்ஜண்டுகள், அவர்கீழ்க் காவலர். ஒவ்வொரு காவலர்க்கும் இன்ன தெருக்கள் எனச் சுற்று வரையறுக்கப்பட்டது. அதனுள் அவர் ஓயாது நடந்து வருதல் வேண்டும். இதனால் சார்ஜண்டு, இந்நேரத்தில் இக்காவலர் இவ்விடத்தில் இருப்பார் எனக் கணித்துச் சென்று பார்க்க இயன்றது. தெருவிலுள்ளாரும் தம் காவலரை முகமறிந்து பழகினர். குற்றம் நிகழ்ந்தபின் ஓடிப் பிடிப்பதினும், நிகழாமல் தடுப்பதே முதற்கடமை என்று காவலர்க்குத் தரப்பட்ட அறிவுரை நூல் வற்புறுத்திற்று.

உடையிலும் கருத்து இருந்தது. இராணுவத்தார் அணிவது செந்நிறம். ஆதலின் காவலர்க்கு நீலநிற அங்கியும் உயர்ந்த தொப்பியும் வகுக்கப்பட்டன. கையில் துப்பாக்கி இல்லை, வாளும் இல்லை. ஒரு மரத்தடி மட்டும் உண்டு. அதுவும் அங்கிக்குள் மறைந்திருக்கும். துணைக்கு ஆளழைக்க ஒலியெழுப்பும் கிலுகிலுப்பை ஒன்று. கழுத்துப்பட்டியில் பிரிவின் எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டன. தவறிழைக்கும் காவலரை எளியவரும் எண் கூறி முறையிடலாம் அன்றோ!

ஆளெடுப்பதில் பீல் காட்டிய உறுதி வியக்கத்தக்கது. பெருமக்களின் பரிந்துரைக் கடிதங்களுக்கு இடமில்லை, தகுதியே வேண்டும், மேற்பதவிகளும் கீழிருந்து உழைத்து உயர்ந்தார்க்கே உரியன என்றார். ஊதியமோ வாரத்திற்கு 21 சில்லிங்குதான். அது மிகக் குறைவு என்பதே என் கருத்து. அவ்வூதியத்திற்கு வந்தவர் பலர் நிலைக்கவில்லை; குடிப்பழக்கத்தால் நீக்கப்பட்டார் எண்ணற்றவர். முதல் எண் பெற்ற காவலரே பணியேற்ற அன்றே குடித்தமைக்காக விலக்கப்பட்டார். ஆயினும் தலைவர் இருவரும் தளர்ந்து கொடுக்கவில்லை. தீயோரை நீக்கி நல்லோரைச் சேர்த்துப் படையைப் புடமிட்டனர்.

1829-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் மாலை முதற் காவலர் தெருவில் இறங்கினர். வரவேற்பா கிடைத்தது? ஏளனமும் கல்லெறியுமே கிடைத்தன. நீலப் பேய்கள் என்றனர் சிலர்; பீலின் கொலைக்கூட்டம் என்றனர் சிலர். 1833-ஆம் ஆண்டு கோல்டுபாத்து வெளியில் கூடிய பொதுக்கூட்டத்தைக் காவலர் தடியால் அடித்துக் கலைத்தபொழுது, ராபர்ட் கல்லி என்னும் காவலர் குத்துண்டு மாண்டார். வழக்கை ஆய்ந்த நடுவர் குழுவினர், அக்கொலை குற்றமாகாது எனத் தீர்ப்புக் கூறினர். அவர்களை மக்கள் கொண்டாடினர். அத்தீர்ப்புப் பின்னர் நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே போப்பே என்னும் சார்ஜண்டு மாற்றுடையில் அரசியற் சங்கமொன்றில் புகுந்து வேவு பார்த்தது வெளிப்பட்டது. நாடாளுமன்றக் குழு அதனை ஆய்ந்து கண்டித்தது. அவரும் வேலையினின்று நீக்கப்பட்டார். மக்கள் கொண்ட அச்சம் முற்றும் வீணன்று என்பது இதனால் தெளிவாகும். காவலர் தவறினால் அவரையும் சட்டம் தண்டிக்கும் என்பதைக் கண்ட பின்னரே மக்கள் மனம் மெல்ல மாறிற்று. 1856-ஆம் ஆண்டுச் சட்டத்தால், இங்கிலாந்திலும் வேல்சிலும் எல்லா மாவட்டங்களும் காவற்படை வைத்தல் கட்டாயமாயிற்று. இராபர்ட் என்பதன் செல்லப்பெயர் பாபி. ஏளனமாகத் தோன்றிய அப்பெயரே நாளடைவில் இலண்டன் காவலரை அன்புடன் அழைக்கும் பெயராக நிலைத்தது.

காவல் நெறிகள் ஒன்பது எனவும், அவற்றைப் பீல் எழுதினார் எனவும் பலர் கூறுவர். அவர் எழுத்துக்களில் அப்பட்டியல் காணப்படவில்லை. சார்லஸ் ரீத் என்னும் வரலாற்றாசிரியர் இருபதாம் நூற்றாண்டில் தொகுத்து வகுத்ததே அது என்பர் ஆராய்ச்சியாளர். பீல் எழுதாவிடினும் அவர் கண்ட அமைப்பின் உட்கருத்து அதில் உளது.

நம் நாட்டிற்கு வந்த முறை எது எனின், அது இலண்டன் முறை அன்று. சென்னை மாகாணத்தில் வரி தண்டும் அலுவலரும் காவலரும் குடிகளைத் துன்புறுத்தியதை 1855-ஆம் ஆண்டு ஒரு விசாரணைக் குழு வெளிப்படுத்திற்று. அதன்பின் 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காவற்படை திருத்தியமைக்கப்பட்டது. அதற்கும், 1861-ஆம் ஆண்டு இந்தியக் காவற்சட்டத்திற்கும் அயர்லாந்தின் படைக்கலம் தாங்கிய அமைப்பே முன்மாதிரியாயிற்று. தம் நாட்டில் நிராயுதக் காவலரை நிறுத்திய ஆங்கிலேயர், அடிமை நாட்டில் துப்பாக்கிக் காவலரை நிறுத்தினர்!

பீலின் பிற்கால வாழ்க்கை அரசியலிற் சிறந்தது. இருமுறை முதலமைச்சரானார். நெடுங்காலம் எதிர்த்த கத்தோலிக்கர் உரிமையை 1829-ஆம் ஆண்டில் தாமே முன்னின்று வழங்கினார். அயர்லாந்தில் பஞ்சம் தலைப்பட்டபொழுது, அயல்நாட்டுத் தானியத்திற்கு வரிவிதித்த சட்டத்தை 1846-ஆம் ஆண்டில் நீக்கினார், அதனால் கட்சி பிளவுண்டது, பதவியும் போயிற்று. கொள்கை மாறியவர் என்று பழித்தார் பலர். உணவின் விலை குறைந்த ஏழையர் அவ்வாறு பழித்திலர்.

அவர்தம் உயிரைக் காத்ததிலும் காவலர்க்குப் பங்குண்டு. 1843-ஆம் ஆண்டு ஜனவரியில், மக்நாட்டன் என்னும் சித்தம் பேதலித்தவன் பீலின் செயலராகிய எட்வர்டு டிரம்மண்டை, பீல் என மயங்கித் தெருவில் சுட்டான். அருகிற் பணியிலிருந்த காவலர் ஒருவர் பாய்ந்து அவனைப் பற்றிக்கொண்டார். டிரம்மண்டு சில நாளில் இறந்தார். அவ்வழக்கினால் எழுந்த விதி, பித்தர் செய்யும் குற்றம் பற்றிய நம் நாட்டுச் சட்டத்திலும் இடம்பெற்றுள்ளது.

1850-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் நாள் பீல் குதிரைமேற் செல்லுங்கால் தவறி வீழ்ந்தார். குதிரை அவர்மேல் இடறிற்று. மூன்று நாள் நோயுற்றுக் கிடந்தார். அவர் வீட்டு வாயிலில் உழைப்பாளரும் ஏழையரும் திரண்டு நின்று, உடல்நிலை பற்றிய அறிக்கையை எதிர்பார்த்திருந்தனர். காவலர் அதனைக் கூட்டத்திற்குப் படித்துக் காட்டினர். ஜூலை 2-ஆம் நாள் இரவு அவர் உயிர் பிரிந்தது. பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர்க் கோயிலில் அன்றி, தம் குடும்பத்தார் துயிலும் டிரேட்டன் பாசெட்டு என்னும் சிற்றூரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். பிறந்த ஊராகிய பெரியில் மக்கள் பணந் திரட்டி, 1852-ஆம் ஆண்டு அவருக்குச் சிலை எடுத்தனர்.