சிரிக்காமல் சிரிக்க வைத்தவர்

சென்ற பருவத்தில் ஒரு சனிக்கிழமை இரவு விடுதி உணவுக்கூடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி ஓர் ஊமைப்படம் காட்டினோம். தமிழ் மாணவர்க்கென்று போட்ட படம். நடுவில் திரும்பிப் பார்த்தால் வங்காளத்தாரும் பஞ்சாபியரும் மலையாளிகளும் வாயில் வரை நிற்கிறார்கள். பேச்சில்லாத படத்துக்கு எந்த மாநிலத்தான் அன்னியன்?

படத்தில் புயல் வீசுகிறது. வீட்டின் முன் ஒருவர் திகைத்து நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டின் முன்சுவர் முழுவதும் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. மாடிச் சன்னலின் திறந்த வாய் அவர் நின்ற இடத்தில் சரியாக வந்து இறங்குகிறது. அவர் கழுத்தைத் தடவியபடி சுற்றிப் பார்க்கிறார். கூடமே அதிரச் சிரித்தது. எனக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. அதில் தந்திரக் காட்சி எதுவும் இல்லை என்பதை முன்பே படித்திருந்தேன்.

அவர்தாம் பஸ்டர் கீட்டன். படம் 1928-இல் வெளிவந்த ‘ஸ்டீம்போட் பில், ஜூனியர்’. சாப்ளினை அறியாத தமிழர் இல்லை. அவருக்கு இணையாக வைத்துப் பேசப்படும் இவரை நம்மில் பலர் அறியோம்.

1895-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள், அமெரிக்காவில் கேன்சஸ் மாநிலத்துப் பிக்குவா என்னும் சிற்றூரில் பிறந்தார். ஊர் ஊராகச் சென்று மேடையேறும் கூத்தாடிக் குடும்பம். போகும் வழியில் பிறந்த பிள்ளை என்றே சொல்லலாம். இயற்பெயர் ஜோசப். மாடிப்படியில் உருண்டு விழுந்தும் காயமின்றி எழுந்ததால் ‘பஸ்டர்’ என்னும் பெயர் வந்தது என்பர். தந்தையார் மேடையில் இவரைத் தூக்கி எறிவார். அதற்கு வசதியாகச் சட்டையின் முதுகில் பெட்டிக் கைப்பிடி ஒன்று தைத்திருந்தார்கள்! விழுந்தபின் தாம் சிரித்தால் சபை சிரிப்பதில்லை, முகத்தை மரம்போல் வைத்துக்கொண்டால் வெடித்துச் சிரிக்கிறது என்பதைச் சிறு வயதிலேயே கண்டுகொண்டார். குழந்தையை வதைப்பதாக நியூயார்க்கில் பலமுறை வழக்கு எழுந்தது. அந்த வீழ்ச்சிகளையெல்லாம் விளையாட்டு என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. தந்தையின் குடி முற்றியபின், 1917-இல் அந்தக் கூத்து கலைந்தது.

அதே ஆண்டு ராஸ்கோ ஆர்பக்கிளின் படத்தில் சேர்ந்தார். வந்த புதிதில் படமெடுக்கும் கருவியை விடுதி அறைக்கு எடுத்துச் சென்று கழற்றிப் பார்த்துத் திரும்பப் பூட்டினார் என்று சொல்வார்கள். பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாத மனிதர். ஆனால் பிறவிப் பொறியாளர்.

அந்தச் சுவருக்கு வருவோம். அடியில் கீல் போட்ட சுவர், கதவைப் படுக்க வைத்தாற்போல் சாயும். சன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, சுவரிலிருந்து அவ்வளவு தூரத்தில் ஆள் நிற்க வேண்டும். இதோடு கணக்கு முடியாது. ஆளுக்கு உயரம் உண்டு. குதிகால் 12 அடி தள்ளி இருப்பதாகக் கொள்வோம். கீட்டன் உயரம் ஏறக்குறைய 5 அடி 5 அங்குலம். கீலிலிருந்து அவர் உச்சந்தலைக்குள்ள தூரம், பித்தகோரசின்படி, 13 அடி 2 அங்குலம். ஆக, சன்னலின் அடிச்சட்டம் 12 அடிக்குக் கீழேயும் மேற்சட்டம் 13 அடி 2 அங்குலத்துக்கு மேலேயும் இருந்தால் ஆள் பிழைப்பான். (இந்த 12 அடி நான் வைத்துக்கொண்டது, படத்தில் இருந்த அளவு அன்று.) காற்றில் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கச் சுவரைக் கனமாகச் செய்தார்கள், இரண்டு டன் என்பர். உடலுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்தது ஓரிரண்டு அங்குலம். படம் பிடித்தவர்களில் சிலர் கண்ணை மூடிக்கொண்டார்களாம். ஆய்வுக்கூடத்தில் இரண்டு அங்குலப் பிழை வந்தால் நாம் மறுபடி அளக்கலாம்!

கணக்கு எப்போதும் காத்தது என்றும் சொல்வதற்கில்லை. 1924-இல் ‘ஷெர்லக் ஜூனியர்’ படத்தில் இரயில் தண்ணீர்த் தொட்டியின் நீர் அவரைத் தண்டவாளத்தில் மோதியது. தலைவலி என்று விட்டுவிட்டார். கழுத்தெலும்பு முறிந்திருந்தது என்பதைப் பல்லாண்டு கழித்து எக்ஸ்-ரே சொன்னது.

1926-இல் ‘தி ஜெனரல்’. உள்நாட்டுப் போர்க்கால இரயில் கதை. ஆரிகன் மாநிலத்தில் உண்மையான எஞ்சின் ஒன்றை எரியும் பாலத்தின்மேல் ஓட்டி ஆற்றில் விழச் செய்தார். பொம்மை எஞ்சினை அவர் மனம் ஒப்பவில்லை. ஏராளமாகச் செலவாயிற்று, செலவுக்கேற்ற வசூல் வரவில்லை. அதன்பின் முதலாளியின் சொற்கேட்டு 1928-இல் எம்.ஜி.எம். கம்பெனியில் சேர்ந்தார். சாப்ளின் வேண்டாம் என்று தடுத்தாராம்.

அங்கே கதையை எழுதப் பலர் இருந்தனர். எழுதியதை நடிப்பது மட்டும் இவர் வேலை. எங்கே நிற்பது, எப்படி விழுவது என்பதைப் பிறர் தீர்மானித்தனர். பேசும்படங்கள் நன்றாகவே ஓடின. ‘தி ஜெனரல்’ ஈட்டாத பணத்தை ஈட்டின. அதுதான் கொடுமை. படம் தோற்றிருந்தால் இப்படி எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். வென்ற படத்தை எதிர்த்து என்ன சொல்வது? தந்தையைக் கெடுத்த குடி மகனையும் பிடித்தது. 1932-இல் மணமுறிவு, வீடு போயிற்று, இரு மகன்களும் தாய்வழிப் பெயருக்கு மாற்றப்பட்டனர். 1933-இல் கம்பெனி வெளியேற்றியது. சிலகாலம் மருத்துவமனையிலும் கிடந்தார்.

பின்னர் அதே கம்பெனிக்குள், பிற நகைச்சுவை நடிகர்களுக்கு வேடிக்கை புனைந்து கொடுக்கும் சிறு வேலைக்காரராகத் திரும்பினார். பலர் இதை அவமானம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் வராவிட்டாலும் அளவுகோல் திரும்பக் கைக்கு வந்ததே! 1940-இல் எலினார் நாரிசை மணந்தார். அந்த அம்மையார் கடைசிவரை துணை நின்றார்.

1949-இல் ஜேம்ஸ் ஏஜீ ‘லைப்’ இதழில் ஊமைப்படக் காலத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இவரை மீண்டும் நினைவூட்டியது. 1952-இல் சாப்ளினோடு ‘லைம்லைட்’டில் தோன்றினார். பழைய சுருள்கள் தேடி எடுக்கப்பட்டன. 1960-இல் சிறப்பு ஆஸ்கர் விருது. 1965-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் கூடியிருந்தோர் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர்.

அப்போதே நுரையீரலில் புற்றுநோய் இருந்தது. வீட்டாரும் மருத்துவரும் அதை அவரிடம் சொல்லவில்லை. மார்ச்சளி, ஆறிவிடும் என்றே எண்ணிக்கொண்டு, அறையில் மேலும் கீழும் நடந்தவாறு இருந்தார். 1966 பிப்ரவரி 1-ஆம் நாள், எழுபதாம் வயதில், தம் வீட்டிலேயே காலமானார்.