பிடில் வளர்த்த பாலுசாமி தீட்சிதர்

கலை என்பது ஆற்றுநீர் போன்றது. கரை இல்லாவிடின் ஆறு சிதறிப் பாழாகும். புதுநீர் வந்து சேராவிடின் வறண்டு போகும். மரபு கரையாகவும் புதுமை வரும்புனலாகவும் அமையும்போதே கலை நெடுங்காலம் நின்று நிலவும். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய இசைச் செல்வர் ஒருவர் சென்ற நூற்றாண்டுகளில் நம் தென்னாட்டில் வாழ்ந்தார். அவரே பாலுசாமி தீட்சிதர்.

இக்காலத்தில் இளைஞர் பலர் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியை விரும்பிப் பயில்வதைக் காண்கிறோம். கடையிலோ, திருவிழா மேடையிலோ, நண்பர் இல்லத்திலோ அதன் ஒலியை ஒருநாள் கேட்கின்றனர்; கேட்ட செவி அதனை விடுவதில்லை; பின்னர்க் கையும் அதனைத் தேடிச் செல்கிறது. அயலிடத்திலிருந்து வந்த கருவி ஒன்று இசைவாணரின் உள்ளத்தைக் கவர்வது இன்று நேற்றுத் தோன்றிய நிகழ்ச்சி அன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாலுசாமி தீட்சிதருக்கும் அவ்வாறே நேர்ந்தது. அவர் செவியைக் கவர்ந்தது பிடில். இன்று நாம் அதனை வயலின் எனவும் வழங்குகிறோம்.

பிறப்பும் குடும்பமும்

சோழநாட்டுத் திருவாரூர் இசைக்குப் பேர்போன ஊர். அங்கு வாழ்ந்த இராமசாமி தீட்சிதர் பாடுவதிலும் பாடல் இயற்றுவதிலும் வல்லவர். அவர்தம் மூத்த மகனே கருநாடக இசை மும்மணிகளுள் ஒருவராகப் போற்றப்பெறும் முத்துசாமி தீட்சிதர். அவர் 1775ஆம் ஆண்டில் பிறந்தார். அடுத்த மகன் சின்னசாமி தீட்சிதர். இளையவராகிய பாலுசாமி 1786ஆம் ஆண்டில் தோன்றினார். தந்தையின் பாட்டும் தமையனின் வீணையும் ஒலித்த இல்லத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இசை தாய்மொழியாகவே அமைந்தது எனலாம்.

அந்நாளில் சென்னைக்கு அண்மையில் இருந்த மணலியில் முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் இருந்தார். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாசியாகப் பணியாற்றிப் பெரும்பொருள் ஈட்டியவர். கலைஞரைப் போற்றும் பண்பினர். அவர் இராமசாமி தீட்சிதரின் குடும்பத்தை மணலிக்கு வரவழைத்து ஆதரித்தார். அவருக்குப்பின் அவர் மகனார் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அக்குடும்பத்தினிடம் குறையாத அன்பு காட்டினார்.

கோட்டையில் கேட்ட இசை

கம்பெனியாரோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த வேங்கடகிருஷ்ண முதலியார், தீட்சிதர் உடன்பிறந்தாரைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் செல்வது உண்டு. அங்கு ஐரோப்பியர் பாண்டு வாத்தியம் முழங்குவர். தம் செவிக்குப் பழகாத அவ்விசையை உடன்பிறந்தார் ஆர்வத்தோடு கேட்டனர். ஒரே இசையைக் கேட்ட இருவர் இருவேறு பயன் கொண்டது வியப்பிற்குரியது. முத்துசாமி தீட்சிதர் அம்மெட்டுகளை உள்ளத்திற் கொண்டு, அவற்றுக்கு இயையத் தெய்வங்களைப் போற்றும் வடமொழிப் பாடல்களை இயற்றினார். அவை இன்று நோட்டுச் சுரங்கள் என வழங்குகின்றன. சங்கராபரண இராகத்தின் சுரங்களில் அமைந்தவை. பாலுசாமியோ மெட்டைக் காட்டினும் கருவியிலேயே மனத்தைப் பறிகொடுத்தார். நான்கு தந்திகளும் ஒரு வில்லும் கொண்ட அச்சிறு கருவி மனிதக் குரலைப் போலவே நீண்டும் குழைந்தும் ஒலிப்பது அவரை ஈர்த்தது.

இளையவரின் விருப்பத்தை அறிந்த முதலியார், பிடில் வாசிப்பதில் வல்ல ஐரோப்பியர் ஒருவரை அமர்த்திக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பாலுசாமி மூன்றாண்டுகள் இடைவிடாது பயின்றார். இசைக்குடியிற் பிறந்தோம் என்ற பெருமிதம் அவரைத் தடுக்கவில்லை. அயல்நாட்டு ஆசிரியர்முன் மாணவராய் அமர்ந்து, வில்லைப் பிடிக்கும் முறை முதற்கொண்டு எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்தே கற்றார்.

நம் இசையைப் பேசிய கருவி

மேனாட்டு முறையைக் கற்றதோடு அவர் நின்றிருந்தால், அவர் பெயரை இன்று நாம் நினைக்க மாட்டோம். கற்ற கருவியில் நம் நாட்டு இராகங்களையும் கீர்த்தனைகளையும் வாசித்துப் பார்த்ததே அவர் செய்த பெருஞ்செயல். நம் இசைக்கு உயிராவது கமகம். ஒரு சுரம் அசையாது நிற்பதில்லை. அடுத்த சுரத்தைத் தழுவியும் அசைந்தும் வளைந்தும் செல்லும். வீணையில் மெட்டுகள் உண்டு. அவற்றின்மேல் தந்தியை இழுத்துக் கமகம் பிறப்பிப்பர். பிடிலிலோ மெட்டுகளே இல்லை. விரல் தந்தியின்மீது தடையின்றி வழுக்கிச் செல்லும். வில்லோ ஒலியை அறாமல் நீட்டும். ஆகவே பாடுவோர் குரல் செல்லும் இடமெல்லாம் பிடிலும் நிழல்போல் தொடர முடிந்தது.

நாளடைவில் நம்மவர் அக்கருவியை நம் முறைக்கேற்ப மாற்றிக்கொண்டனர். மேனாட்டார் அதனை மோவாய்க்கும் தோளுக்கும் இடையே தாங்கி வாசிப்பர். நம் வித்துவான்களோ தரையில் அமர்ந்து, கருவியின் ஒரு முனையை மார்போடு அணைத்து, மறுமுனையை வலக்காலின்மேல் ஊன்றிக்கொள்வர். இதனால் இடக்கை தாங்கும் வேலையினின்று விடுபட்டுக் கமகங்களைத் தடையின்றி வாசிக்கிறது. தந்திகளையும் சட்சமம், பஞ்சமம், மீண்டும் சட்சமம், பஞ்சமம் எனச் சுருதி கூட்டினர்.

அயல்நாட்டிலிருந்து வந்த கருவிகளெல்லாம் இவ்வாறு வரவேற்கப்பெறவில்லை. ஆர்மோனியத்தை நோக்குக. அதன் கட்டைகள் ஒவ்வொன்றும் அசையாத ஒரே சுரத்தைத் தருவன. கமகம் அதில் பிறவாது. 1940ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி அதனை விலக்கியது. 1971ஆம் ஆண்டிலேதான் அத்தடை தளர்ந்தது. எனவே, கருவி பிறந்த நாடு எது என்பது பெரிதன்று. நம் இசையின் உயிரை அது தாங்குமா என்பதே வினா. பிடில் தாங்கும் என்பதைத் தம் கைவிரல்களால் மெய்ப்பித்தவர் பாலுசாமி தீட்சிதர்.

துன்பமும் புகலிடமும்

புகழ் வந்த வாழ்வில் துன்பமும் வந்தது. மணலியை நீங்கித் திருவாரூருக்கு மீண்ட குடும்பம், 1817ஆம் ஆண்டில் தந்தையை இழந்தது. தம்பியர் இருவரும் இசையையே துணையாகக் கொண்டு மதுரையை அடைந்தனர். அங்கே சின்னசாமி தீட்சிதர் மறைந்தார். தம்முடன் சேர்ந்து பாடிய தமையனை இழந்த பாலுசாமி ஆற்றாத் துயரோடு தென்திசை நோக்கிச் சென்றார். எட்டயபுரத்துக் குறுநில மன்னர் அவர் அருமையை அறிந்து, தம் அவைக்களப் புலவராக ஏற்றுப் போற்றினார்.

தம்பியைத் தேடி வருந்திய முத்துசாமி தீட்சிதர், அவர் எட்டயபுரத்தில் இருப்பதையும் அவருக்குத் திருமணம் நிகழவிருப்பதையும் கேள்வியுற்று அங்குச் சென்றார். வழியில் மழையின்றி வாடிய நிலத்தைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் அவர் பாட, மழை பொழிந்தது என்பது செவிவழிச் செய்தி. பிரிந்த உடன்பிறந்தார் கூடிய இன்பத்தை எழுத்தில் வடிக்க ஒண்ணாது. முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்திலேயே இறைவனடி சேர்ந்தார். அவர் நினைவிடம் இன்றும் அங்குள்ளது.

பாலுசாமி தீட்சிதர் தம் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்து வளர்த்தார். 1839இல் பிறந்த அப்பேரனே சுப்பராம தீட்சிதர். பாட்டனாரிடமிருந்து பெற்ற இசைச் செல்வத்தை அவர் 1904ஆம் ஆண்டில் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூலாக வெளியிட்டார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் பல அழியாமல் நமக்குக் கிடைத்தது அந்நூலாலேயே. பாலுசாமி தீட்சிதர் 1859ஆம் ஆண்டில் மறைந்தார். புதிய கருவியை நாட்டிற்குத் தந்தவரே பழைய செல்வத்தைக் காக்கவும் ஆளை உருவாக்கினார் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நாஞ்சில் நாட்டில் பிடில்

நாஞ்சில் நாட்டினராகிய நமக்கு இவ்வரலாற்றில் தனி உரிமை உண்டு. 1956ஆம் ஆண்டில் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்னர் நம் பகுதி நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசில் அடங்கியிருந்தது. அவ்வரசை ஆண்ட சுவாதித் திருநாள் மன்னர் இசைப்புலவர். முத்துசாமி தீட்சிதரின் மாணவரும் தஞ்சை நால்வருள் இளையவருமாகிய வடிவேலு அம்மன்னரின் அவையை அணிசெய்தார். அவரும் பிடிலில் வல்லவர். மன்னர் 1834ஆம் ஆண்டில் தந்தத்தாலான பிடில் ஒன்றை அவருக்குப் பரிசளித்துச் சிறப்பித்தார்.

ஆண்டுதோறும் நவராத்திரியின்போது பத்மநாபபுரத்திலிருந்து கலைமகளின் திருவுருவம் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் செல்வதை நம் மாணவர் பலர் கண்டிருப்பர். அத்திருவுருவம் கம்பர் வழிபட்டது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. அங்கு நவராத்திரி மண்டபத்தில் கலைமகள்முன் நிகழும் இசையரங்குகளில் பாடுவோர் அருகே பிடில் வித்துவானும் அமர்ந்திருப்பார். கோட்டையில் அயலாராக நின்ற கருவி, வீணை ஏந்திய அன்னையின் திருமுன்னிலையில் உரிமையோடு அமர்ந்துவிட்டது.

மாணவர்களே! புதியதைக் கண்டவுடன் அஞ்சி விலகுவதும், அதில் மயங்கிப் பழையதைக் கைவிடுவதும் அறிவுடைமை ஆகா. செவி விரும்பியதைக் கை பழகவேண்டும். கை பழகியது நம் மொழியைப் பேசவேண்டும். நீங்கள் பயில்வது பிடிலாயினும் மின்னிசைக் கருவியாயினும், மூன்றாண்டுகள் பொறுமையாய்க் கற்ற பாலுசாமி தீட்சிதரை நினைவிற் கொள்ளுங்கள்.