பெயர் மாறிய நடிகர்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திரைப்படம் பார்த்தோர் அனைவரும் கேரி கிராண்ட் என்னும் பெயரை அறிந்திருந்தனர். மடிப்புக் கலையாத உடை, நிமிர்ந்த நடை, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது போன்ற பேச்சு ஆகியவற்றால் அவர் ஹாலிவுட்டின் தலைசிறந்த கதாநாயகர்களுள் ஒருவராக விளங்கினார். செல்வர் குடியில் பிறந்து வளர்ந்தவர் என்றே பலரும் அவரை எண்ணினர். ஆனால், அப்பெயர் பெற்றோர் இட்டதன்று. அந்த நடையும் பேச்சும்கூடப் பிறவியிலேயே வாய்த்தவை அல்ல. அவர் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக்கொண்டவை அவை.

துறைமுக நகரத்துச் சிறுவன்

இங்கிலாந்தின் தென்மேற்கே பிரிஸ்டல் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அங்கே 1904-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் பிறந்த குழந்தைக்கு ஆர்ச்சிபால்ட் லீச் என்று பெயரிட்டனர். வீட்டில் அவனை ஆர்ச்சி என்று அழைத்தனர். தந்தை எலியாஸ் ஆடைத் தொழிற்சாலையில் துணிகளுக்குச் சலவைப்பெட்டி போடும் தொழிலாளி. தாய் எல்சி தையல் அறிந்தவர். இவர்களுடைய முதல் மகன் கைக்குழந்தையாகவே இறந்துவிட்டான். அத்துயரிலிருந்து தாய் முழுமையாக மீளவே இல்லை. அதனால் இரண்டாம் மகனைக் கண்ணை இமை காப்பதுபோல் வளர்த்தார். வருவாய் குறைவு, வீட்டில் பூசல் மிகுதி.

ஆர்ச்சிக்குப் பத்து வயதை ஒட்டிய பருவத்தில், ஒருநாள் பள்ளி முடிந்து வீடு திரும்பியபோது தாயைக் காணவில்லை. கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஓய்வெடுக்கச் சென்றிருப்பதாகச் சொன்னார்கள். நாள்கள் கடந்தன, மாதங்கள் கடந்தன, தாய் திரும்பவில்லை. கடிதமும் வரவில்லை. பின்னர் அவர் இறந்துவிட்டதாகவே சிறுவன் நம்ப நேர்ந்தது. வீட்டில் யாரும் அதைப்பற்றி விளக்கவில்லை. அவனும் கேட்பதை நிறுத்திக்கொண்டான்.

தாயற்ற வீட்டில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. உதவித்தொகை பெற்று ஃபேர்ஃபீல்டு பள்ளியில் சேர்ந்தபோதும் பாடங்களில் நாட்டம் குறைந்தது. அப்பள்ளியின் அறிவியல் ஆசிரியருக்கு உதவியாக வந்த மின்பணியாளர் ஒருவர், அவனைப் பிரிஸ்டல் நகரத்து ஹிப்போட்ரோம் அரங்கின் மேடைப் பின்புறத்துக்கு அழைத்துச் சென்றார். வண்ண உடைகள், விளக்குகள், சிரித்த முகத்தோடு விரைந்து செல்லும் கலைஞர்கள் என அங்கே அவன் கண்டது வேறோர் உலகம். இனித் தன் இடம் அதுவே என்று அவன் முடிவு செய்தான்.

பாப் பெண்டர் என்பவர் அக்காலத்தில் கழைக்கூத்துக் குழு ஒன்றை நடத்தி வந்தார். தந்தை எழுதியதுபோலத் தானே ஒரு கடிதம் எழுதி அனுப்பி, ஆர்ச்சி அக்குழுவில் சேர்ந்தான். செய்தி அறிந்த தந்தை தேடிவந்து அவனை வீட்டுக்கு அழைத்துச் சென்றார். 1918-இல் பள்ளி அவனை நீக்கியது. அதன்பின் தந்தையும் தடுக்கவில்லை. பதினான்கு வயதில் அவன் மீண்டும் குழுவில் சேர்ந்தான். குட்டிக்கரணம், தாவுதல், அடிபடாமல் விழுதல், பேசாமலே சிரிக்கவைத்தல் ஆகியவற்றைக் கற்றான். நெடிய மரக்கால்களைக் கட்டிக்கொண்டு நடப்பதும் அவற்றுள் ஒன்று. நம் பழைய மரக்கால் ஆட்டத்தை நினைவூட்டும் கலை அது. பின்னாளில் திரையில் அவர் நாற்காலியில் இடறி விழும் ஒவ்வொரு முறையும் அரங்கம் சிரிப்பில் அதிர்ந்ததற்கு இப்பயிற்சியே காரணம். விழுவது எளிது, பிறர் சிரிக்கும்படி, உரிய நொடியில் விழுவது எளிதன்று.

கடல் கடந்து

1920-ஆம் ஆண்டு சூலை மாதம், பெண்டர் குழு ‘ஒலிம்பிக்’ என்னும் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டது. கடலில் மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்க கப்பல் இது. ஊமைப்பட உலகின் புகழ்பெற்ற இணையரான டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் மேரி பிக்ஃபோர்டும் அதே கப்பலில் பயணம் செய்தனர். வெயிலில் நிறம் ஏறிய மேனியும் துடிப்பான நடையும் கொண்ட ஃபேர்பேங்க்ஸைப் பதினாறு வயது ஆர்ச்சி கண்கொட்டாமல் பார்த்தான்.

இரண்டு ஆண்டுகள் அமெரிக்க மேடைகளில் ஆடியபின் குழு நாடு திரும்பியது. ஆர்ச்சி திரும்பவில்லை. பதினெட்டு வயதில், உறவினர் எவரும் இல்லாத நியூயார்க் நகரில் தங்கிவிட்டான். அவனுக்கு வயிற்றுப்பாடு எளிதாக இருக்கவில்லை. தெருவில் கழுத்துப்பட்டைகள் விற்றான். கோனி ஐலண்டு என்னும் கடற்கரைக் கேளிக்கை இடத்தில், மரக்கால்மீது நின்று, விளம்பரப் பலகையைச் சுமந்து நடந்தான். சிறுவர்கள் அவனைக் கீழே தள்ளிவிடப் பார்ப்பதும், அவன் விழாமல் தப்புவதும் அன்றாடக் கூத்தாயின. விழாமல் நிற்கும் பயிற்சி சோறு போட்டது.

மற்றொரு தொல்லையும் இருந்தது. அவன் பேச்சு பிரிஸ்டல் நகரத்து உழைக்கும் மக்களின் பேச்சு. நாடக மேடையில் அது எடுபடவில்லை. அமெரிக்கரைப்போலப் பேச முயன்றபோது அதுவும் முழுமையாகக் கைகூடவில்லை. நியூயார்க்கில் சிலர் அவனை ஆஸ்திரேலியன் என்றே எண்ணினர். பல ஆண்டுகளில், இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே மிதப்பதுபோன்ற ஒரு பேச்சு அவனுக்கு அமைந்தது. எந்த ஊருக்கும் உரியதாகாத அப்பேச்சைப் பிற்காலத்தில் நடிகர் பலர் போலச் செய்து காட்டினர். குறை என்று கருதப்பட்டதே அவருடைய அடையாளமாயிற்று.

புதிய பெயர்

பிராட்வே நாடகங்களில் சில ஆண்டுகள் பாடி நடித்தபின், அவர் கலிபோர்னியாவுக்குச் சென்றார். பாரமவுண்ட் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால், ஆர்ச்சி லீச் என்னும் பெயர் கதாநாயகருக்குப் பொருந்தாது என்றது. ‘நிக்கி’ என்னும் நாடகத்தில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரிலிருந்து ‘கேரி’ கிடைத்தது. நிறுவனம் வைத்திருந்த பட்டியலிலிருந்து ‘கிராண்ட்’ கிடைத்தது. 1932-ஆம் ஆண்டில் மட்டும் அப்பெயரோடு ஏழு படங்களில் நடித்தார்.

அக்காலத்தில் நடிகர்கள் நீண்ட ஒப்பந்தங்களால் நிறுவனங்களுக்குக் கட்டுப்பட்டிருந்தனர். எப்படத்தில் நடிப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்தது. ஒப்பந்தம் முடிந்ததும் கேரி கிராண்ட் அதைப் புதுப்பிக்காமல், தம் விருப்பப்படி படங்களைத் தேர்ந்துகொள்ளும் தனி நடிகரானார். முன்னணி நடிகர் வெகுசிலரே துணிந்த செயல் அது. 1937-இல் வெளிவந்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ அவரை நகைச்சுவை நாயகராக நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டு ‘பிரிங்கிங் அப் பேபி’ படத்தில், எலும்பு ஒன்றையும் சிறுத்தை ஒன்றையும் தேடி அலையும் அறிவியலாளராக நடித்தார். வெளிவந்தபோது தோல்வியுற்ற இப்படம் இன்று நகைச்சுவைப் படங்களுள் முதல் வரிசையில் வைத்துப் போற்றப்படுகிறது.

1939-இல் வந்த ‘கங்கா தின்’ படத்தின் கதை இந்தியாவின் வடமேற்கு எல்லையில் நிகழ்கிறது. படம் எடுக்கப்பட்டதோ கலிபோர்னியாவில். தண்ணீர் சுமக்கும் இந்தியராக நடித்தவர் அமெரிக்கர். ஆங்கிலேய ஆட்சியின் கண்கொண்டு இந்தியரைக் காட்டிய அப்படத்துக்கு இங்கே எதிர்ப்பு எழுந்தது இயல்பே. அதில் கேரி கிராண்ட் ஏற்ற படைவீரர் பாத்திரத்தின் முதற்பெயர் ஆர்ச்சிபால்ட்.

பழைய பெயர் அத்துடன் நிற்கவில்லை. ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ படத்தில், உரையாடலின் நடுவே ஆர்ச்சி லீச் என்பவரின் கதியைப்பற்றி அவர் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார். ‘ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்’ படத்தின் கல்லறைக் கல் ஒன்றில் அதே பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. பார்வையாளருள் பெரும்பாலோர்க்கு அது ஏதோ ஒரு பெயர். அறிந்தவர்க்கோ அது சிரிப்பும் சற்றே வருத்தமும் கலந்த விளையாட்டு. 1942-ஆம் ஆண்டு சூன் மாதம் அவர் அமெரிக்கக் குடிமகனானார். அப்போதுதான் கேரி கிராண்ட் என்பது சட்டப்படியும் அவர் பெயராயிற்று. போர்க்காலத்தில் ‘தி பிலடெல்பியா ஸ்டோரி’ படத்துக்குப் பெற்ற ஊதியம் முழுவதையும் பிரிட்டனின் போர்த்துயர் துடைப்பு நிதிக்கு வழங்கினார்.

தாயும் மகனும்

முப்பது வயதைக் கடந்தபின், புகழ் வந்து சேர்ந்த வேளையில், கேரி கிராண்டுக்கு ஒரு செய்தி தெரியவந்தது. தாய் இறக்கவில்லை. பிரிஸ்டல் நகரிலேயே மனநல மருத்துவமனை ஒன்றில் தந்தை அவரைச் சேர்த்திருந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அங்கேயே இருந்தார். மகன் அந்நகரில் பள்ளிக்குச் சென்றபோதும், கப்பலேறியபோதும், பெயர் மாறியபோதும் அங்கேயே இருந்தார்.

மகன் தாயை வெளியே கொணர்ந்தார். பிரிஸ்டலில் வீடு அமைத்துக் கொடுத்தார். வாழ்நாள் முழுவதும் செலவை ஏற்றார். எல்சி கலிபோர்னியாவில் குடியேறவில்லை. ஆகவே மகன் கடல் கடந்து வந்து பார்த்துச் சென்றார். இடைப்பட்ட இருபது ஆண்டுகளை இருவராலும் மீட்க இயலவில்லை. உறவு அன்பானதுதான், இயல்பானதாக இருக்கவில்லை. உலகம் கேரி கிராண்ட் என்று கொண்டாடியவர் தாய்க்கு ஆர்ச்சியாகவே இருந்தார். எல்சி 1973-இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் காலமானார்.

1944-இல் வந்த ‘நன் பட் தி லோன்லி ஹார்ட்’ படத்தை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். அதில் அவர் அழகிய உடையைக் களைந்துவிட்டு, லண்டனின் ஏழைத் தெருவில் நோயுற்ற தாயிடம் திரும்பிவரும் மகனாக நடித்தார். படத்துக்குப் பெரிய வரவேற்பு இல்லை. அவர் பெயர் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டதோடு நின்றது. தாயாக நடித்த எதல் பேரிமோர் விருது பெற்றார். மக்கள் கேரி கிராண்டைப் பார்க்கவே வந்தனர். ஆர்ச்சி லீச்சைப் பார்க்க விரும்பவில்லை போலும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் மட்டும் அந்தப் பளபளப்புக்குப் பின்னே நிழல் ஒன்று இருப்பதைக் கண்டுகொண்டார். அவருடைய நான்கு படங்களில் கேரி கிராண்ட் நடித்தார். 1959-இல் வந்த ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ அவற்றுள் இறுதியானது. வெட்டவெளியில் விமானம் ஒன்று துரத்த, மிடுக்கான உடையணிந்த அவர் உயிர் பிழைக்க ஓடும் காட்சி திரைப்பட வரலாற்றில் நிலைத்துவிட்டது. அப்படத்தின் நாயகர் வேறொருவராகத் தவறாகக் கருதப்பட்டு அலைபவர்; இரு பெயர்களோடு வாழ்ந்த நடிகருக்கு அப்பாத்திரம் பொருந்திப்போனதில் வியப்பில்லை.

இல்லறம் அவருக்கு எளிதாக அமையவில்லை. ஐந்து முறை மணம் செய்துகொண்டார். 1966-இல், அறுபத்திரண்டாம் வயதில், ஒரே மகள் ஜெனிபர் பிறந்தார். அவ்வாண்டோடு நடிப்பிலிருந்து விலகினார். பல திறத்தோர் அழைத்தும் திரும்பவில்லை. தாய் திடீரென்று மறைந்த வீட்டில் வளர்ந்தவர், தம் மகளின் குழந்தைப் பருவத்தில் உடனிருக்க விரும்பினார். போட்டியில் ஒருமுறையும் கிடைக்காத ஆஸ்கர், 1970-இல் சிறப்பு விருதாக வழங்கப்பட்டது.

1986-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் பார்வையாளரோடு உரையாடும் நிகழ்ச்சிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது நோயுற்று, அன்றிரவே மறைந்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்திரண்டு. 2001-இல் பிரிஸ்டல் நகரத்தின் மில்லேனியம் சதுக்கத்தில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. சிறுவன் ஆர்ச்சி மேடையின் பின்புறத்தை முதன்முதலில் கண்டு வியந்த ஹிப்போட்ரோம் அரங்கம், அச்சிலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இன்றும் இயங்கி வருகிறது.