இரும்புக்கு ஞாபகம் கொடுத்தவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று நம் சங்கத்துக்காரர்கள் கேட்டபோது எடிசன், சி.வி. ராமன் என்று எல்லாரும் எழுதுகிற பெரியவர்களின் பெயர்தான் எனக்கும் முதலில் வந்தது. ஆனால் போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு காரியம் என்னை வேறொருவரிடம் கொண்டுபோய் விட்டது. அவர் பெயர் வால்டெமர் பவுல்சன். டென்மார்க் நாட்டுக்காரர். காந்தத்தில் குரலைப் பதிவு செய்ய முடியும் என்று உலகத்துக்குச் செய்து காட்டிய முதல் மனிதர். அவர் கதையைச் சொல்வதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் தேங்காய்ப்பட்டணம். எங்க பாட்டா கதம்பை அழுகப் போட்டு, அடித்து, கயிறு திரித்துப் பிழைத்தவர். வளைகுடாவில் வேலை பார்த்த மாமா 1994இல் லீவுக்கு வந்தப்போ உள்ளங்கை அளவு ஒரு ரெக்கார்டர் கொண்டு வந்தார். மைக்ரோ கேசட் போடுகிற சாதனம். அதில் பாட்டாவைப் பேச வைத்து ஒரு கேசட் பதிந்தார். 1998இல் பாட்டா காலமானார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. கேசட்டும் சாதனமும் இரும்பு பீரோவில் துணிக்கடியில் கிடந்தன.

போன வருஷம் அதை வெளியே எடுத்தேன். எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை அல்லவா! துடைத்தேன், புது பெல்ட் மாட்டினேன், பேட்டரி போட்டேன். மோட்டார் ஓடுதா என்று பார்க்கிற அவசரத்தில் கேசட்டை உள்ளே வைத்து, எந்தப் பட்டன் என்று பார்க்காமல் சிவப்புப் பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டேன். சக்கரம் சுற்றியது. சந்தோஷத்தில் இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இரண்டு நிமிஷமும் பாட்டாவின் குரல் அழிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பாட்டா பேச்சைத் தொடங்கினாராம். அம்மாவின் பெயரும் அதில் இருந்ததாம். அம்மா என்னைத் திட்டவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குரல் எப்படி அழிந்தது என்று தேடத் தொடங்கினேன். அழிவதைப் புரிந்துகொள்ள, அது எப்படிப் பதிகிறது என்று தெரிய வேண்டும். அங்கேதான் பவுல்சன் வந்தார்.

அவர் 1869 நவம்பர் 23ஆம் தேதி கோபன்ஹேகன் நகரில் பிறந்தார். அப்பா உச்ச நீதிமன்ற நீதிபதி. 1889 முதல் 1893 வரை கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் படித்தார். அதன்பின் அந்நகரத்து டெலிபோன் கம்பெனியில் தொழில்நுட்பப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். டெலிபோன் அப்போது புதுசு. அதில் ஒரு குறை இருந்தது. கூப்பிடுகிற நேரத்தில் எதிர்முனையில் ஆள் இல்லாவிட்டால் சொல்ல வந்த சேதி அப்படியே போய்விடும். ஆள் இல்லாதபோதும் சேதியைப் பிடித்து வைக்க ஒரு வழி வேண்டும் என்று நினைத்தார் பவுல்சன்.

எடிசன் 1877லேயே போனோகிராப் செய்துவிட்டார். ஆனால் அது ஊசியால் தகட்டில் பள்ளம் போடுகிற முறை. பவுல்சன் வேறு பாதையில் போனார். ஒரு பியானோக் கம்பியைச் சரிவாக இழுத்துக் கட்டினார். சின்னத் தள்ளுவண்டி மாதிரி ஒன்றில் மின்காந்தத்தை வைத்து, டெலிபோன் மைக்கோடு இணைத்து, கம்பியின் மேல் வழுக்கி ஓடவிட்டார். அது ஓடும்போது மைக்கில் பேசினார். பிறகு மைக்கைக் கழற்றிவிட்டுக் கேட்கும் கருவியை மாட்டி, மின்காந்தத்தை மறுபடி அதே கம்பியின் மேல் ஓட்டினார். பேசியது காதில் விழுந்தது!

நாம் வகுப்பில் படித்த பாடம்தான் இது. குரலுக்கேற்ப மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப காந்தப் புலம் ஏறி இறங்குகிறது. எஃகு அந்த ஏற்ற இறக்கத்தை இடத்துக்கு இடம் பிடித்து வைத்துக்கொள்கிறது. திரும்ப அந்தக் கம்பி காந்தத் தலையைக் கடக்கும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஹிஸ்டெரிசிஸ் வளையம் என்று பரீட்சைக்கு வரைந்து தள்ளுகிறோமே, மின்சாரத்தை நிறுத்தினாலும் மிச்சம் நிற்கிற அந்தக் காந்தம்தான் ஞாபகம்.

ஆனால் அதில் இன்னொரு பாதியும் உண்டு. அதே மின்காந்தத்தில் பேட்டரியின் நேர்மின்னோட்டத்தைக் கொடுத்து கம்பியின் மேல் ஓட்டினால் எழுதினது எல்லாம் துடைத்துப் போகும். கம்பி புதுசாகிவிடும். அந்தக் காலத்தில் இது பெரிய வசதி. ஒரே கம்பியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் பேசலாம். பதிப்பது, படிப்பது, அழிப்பது மூன்றும் ஒரே காந்தத்தின் வேலை. என் வீட்டில் நடந்ததும் அதுதான். சின்ன ரெக்கார்டர்கள் பலவற்றில் அழிக்கும் தலை என்பது ஒரு சிறு நிலைக்காந்தம். சிவப்புப் பட்டனை அழுத்தினால் அது நகர்ந்து வந்து நாடாவைத் தொடும். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

இந்த யோசனை உலகத்தில் முதலில் தோன்றியது பவுல்சனுக்கு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் ஓபர்லின் ஸ்மித் 1888இல் இப்படிச் செய்யலாம் என்று பத்திரிகையில் எழுதினார். ஆனால் ஓடுகிற கருவியை உலகத்தின் முன் கொண்டுவந்து வைத்தவர் பவுல்சன்தான். அவர் 1898 டிசம்பரில் டென்மார்க்கில் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். அப்போது வயது 29. கருவிக்கு டெலிகிராபோன் என்று பெயர். உருளை மேல் எஃகுக் கம்பி வரிசையாகச் சுற்றியிருக்கும். அதன்மேல் மின்காந்தம் ஊர்ந்து போகும்.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் அதை வைத்தார்கள். பெரும் பரிசு கிடைத்தது. அதே வருஷம் ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அந்தக் கருவியில் சில வார்த்தைகள் பேசினார். கருவி நன்றாயிருக்கிறது என்கிற மாதிரி சாதாரணப் பேச்சுதான். ஆனால் இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற மிகப் பழைய காந்தப் பதிவு அதுவே. யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷத்தில் யாராவது ஒருவர், கம்பி ஓடுதா பார்ப்போம் என்று ஒரு தடவை பேட்டரியை மாட்டியிருந்தால் போதும். யாரும் மாட்டவில்லை. அதனால்தான் அந்தக் குரல் இருக்கிறது.

பவுல்சனுக்குத் துணை நின்றவர் பெடர் ஓலுப் பெடர்சன். பதியும்போது கூடவே கொஞ்சம் நேர்மின்னோட்டமும் கொடுத்தால் குரல் தெளிவாகிறது என்று இருவரும் கண்டார்கள். நாம் பயாஸ் என்று படிக்கிறது இதைத்தான். இந்தப் பெடர்சன் பிற்காலத்தில் கோபன்ஹேகன் பாலிடெக்னிக்கின் தலைவராக 1922 முதல் பல வருஷம் இருந்தார். நம்ம ஆள் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்!

இவ்வளவு இருந்தும் டெலிகிராபோன் வியாபாரத்தில் தோற்றது. 1903இல் அமெரிக்காவில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். விற்பனை ஓடவில்லை. காரணம் எளிது. ஆம்ப்ளிபையர் இன்னும் வரவில்லை. கம்பியிலிருந்து வந்த சத்தம் மிகச் சன்னம். காதில் கருவியை வைத்துத்தான் கேட்க முடியும். நிர்வாகமும் சரியில்லை. நல்ல கண்டுபிடிப்பாயிருந்தாலும், அதைத் தாங்குகிற மற்றொரு கண்டுபிடிப்பு வருகிறவரை காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

பவுல்சன் சோர்ந்து உட்காரவில்லை. 1903இல் மின்வில்லைக் கொண்டு தொடர்ச்சியான ரேடியோ அலைகளை உண்டாக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை தீப்பொறி முறைதான். பவுல்சன் ஆர்க் என்ற அந்தக் கருவி முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை நிலையங்களிலும் ஓடியது. அவருக்குப் பேரும் காசும் கொடுத்தது இதுவே. வால்வு டிரான்ஸ்மிட்டர் வந்ததும் 1920களில் அதுவும் ஓரத்துக்குப் போனது.

அவருடைய பழைய பிள்ளையான காந்தப் பதிவு அதற்குள் திரும்பி எழுந்தது. 1928இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் ப்ளாய்மர் காகித நாடாவில் இரும்புத் தூளைப் பூசினார். 1935இல் பெர்லின் கண்காட்சியில் மேக்னட்டபோன் வந்தது. 1940இல் உயர் அதிர்வெண் பயாஸ் வந்து சத்தம் சுத்தமானது. 1942 ஜூலையில், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, பவுல்சன் 72 வயதில் இறந்தார். தான் விதைத்தது முளைத்ததை உயிரோடு பார்த்தார் என்பது மனசுக்கு ஆறுதல்.

அவர் பிறந்து சரியாக 100 வருஷம் கழித்து, 1969இல், டென்மார்க் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அதே 1969இல்தான் ஜப்பானில் ஒலிம்பஸ் கம்பெனி முதல் மைக்ரோ கேசட் ரெக்கார்டரை வெளியிட்டது. கணக்கைப் பாருங்கள். மைக்ரோ கேசட் நாடா வினாடிக்கு 2.4 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஒரு பக்கம் 30 நிமிஷத்துக்கு 43 மீட்டர் நாடா. பவுல்சனின் கம்பியோ வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் ஓடியது. அந்த வேகத்தில் பாட்டாவின் 30 நிமிஷப் பேச்சுக்கு மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் கம்பி வேண்டியிருக்கும்!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சாதனம் கிடக்கலாம். நான் பட்டுப் படித்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முதல் காரியம், கேசட்டின் முதுகில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் நாக்குகளை உடைத்துவிடுங்கள். பிறகு சிவப்புப் பட்டன் அமுங்காது. சாதனத்தைச் சோதிக்க வேறு வெற்றுக் கேசட்டைப் போடுங்கள். ஒரே கேசட்டை ஒருநாளும் சோதனைக்கு வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் கம்பிச்சுருள் அரித்துப் போகும். நம்ம கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். பழைய பெல்ட் தார் மாதிரி இளகியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் முழுக்கத் துடைத்துவிட்டுப் புதுசு போடுங்கள். ஹெட்டையும் கேப்ஸ்டனையும் அதே பஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகுதான் கேசட் போட வேண்டும். பல வருஷம் கிடந்த நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டிவிட்டுப் பிறகு கேளுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். ஸ்பீக்கருக்குள் இருப்பதும் காந்தம்தானே! முதல் தடவை கேட்கும்போதே இயர்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். அதுவே கடைசித் தடவையாகவும் ஆகலாம்.

எங்கள் கேசட்டில் 28 நிமிஷம் மிஞ்சியது. அதை அப்படித்தான் ஏற்றினேன். கதம்பை எத்தனை மாசம் தண்ணீரில் கிடக்க வேண்டும், எப்படிக் கிடந்தால் நார் வெளுக்கும் என்று பாட்டா சொல்கிறார். இடையில் யாரோ சாயா கொண்டுவருகிறார்கள். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கிறது. அது உங்க பாட்டி என்று அம்மா சொன்னார்கள். பேச்சுக்கு முன்னால் இரண்டு நிமிஷம் எங்கள் வீட்டு ஃபேன் சத்தமும், சக்கரம் சுற்றுகிறதைப் பார்த்து நான் சீட்டி அடித்ததும் இருக்கிறது. வெட்டி எறிந்துவிடலாம் என்று அண்ணன் சொன்னான். நான் வெட்டவில்லை. இரும்பு எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். வேண்டியது எது, வேண்டாதது எது என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது நாம்தான்.