சொல்லின் வேர் தேடிய கால்டுவெல்

அயர்லாந்தின் வடபகுதியில், ஆன்ட்ரிம் மாவட்டத்தைச் சேர்ந்த கிளாடி என்னும் சிற்றூரில் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் இராபர்ட்டு கால்டுவெல் பிறந்தார். அவருடைய பத்து வயதளவில் குடும்பம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் அவருள்ளம் ஓவியத்தில் தோய்ந்தது. டப்ளின் நகரில் அக்கலையைப் பயின்றார். பின்னர்ச் சமயப்பணியில் நாட்டம் கொண்டு கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குக் கிரேக்கப் பேராசிரியராக விளங்கிய டேனியல் சாண்ட்போர்டு, மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் சுவையை அவருக்கு ஊட்டினார்.

ஒப்பிலக்கணம் அப்போது ஐரோப்பாவில் புதிதாகத் தழைத்துவந்த துறை. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் ஆகியவை ஒரே மூலத்தினின்று தோன்றியவை என்னும் கருத்தை 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் வெளியிட்டிருந்தார். இதற்கு எளிய சான்று நம் நாவிலேயே உள்ளது. இனிமையைக் குறிக்கும் வடமொழிச் 'சுவாது', கிரேக்க 'ஹெடூஸ்', இலத்தீன் 'சுவாவிஸ்', ஆங்கில 'ஸ்வீட்' ஆகிய நான்கும் ஒரே வேரில் கிளைத்தவை. கிரேக்கத்தில் முதலிலிருந்த சகரம் ஹகரமாகத் திரிந்துவிட்டமையால், அதன் உறவு மேலோட்டமாகப் பார்ப்போர்க்குப் புலப்படாது. கசப்பைக் குறிக்கும் ஆங்கிலப் 'பிட்டர்' என்பதோ, கடித்தலைக் குறிக்கும் 'பைட்' என்னும் வினையின் உறவுச்சொல். கசப்பு நாவைக் கடிப்பதாக அம்மக்கள் உணர்ந்தனர் போலும்!

1838ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் கால்டுவெல் சென்னையில் வந்திறங்கினார். தெலுங்கறிஞர் சி.பி.பிரவுன் அக்கப்பலிலேயே உடன் பயணம் செய்தது அவர் பெற்ற நற்பேறு. சென்னையில் தமிழ் பயின்ற அவர், 1841இல் நீலகிரி வழியாகத் திருநெல்வேலிச் சீமைக்கு நடந்தே சென்றார். மக்களையும் அவர்தம் பேச்சையும் நெருங்கி அறிவதே அந்நெடுநடையின் நோக்கம். தேரிமணல் சூழ்ந்த இடையன்குடி அவருடைய ஊராயிற்று. 1844இல் எலிசாவை மணந்தார்.

தமிழும் தெலுங்கும் வடமொழியிலிருந்து பிறந்தவை என்பதே அந்நாளைய ஐரோப்பிய அறிஞர் பலரின் எண்ணம். அஃது உண்மையன்று என்பதை 1816இலேயே எல்லிஸ் எடுத்துரைத்தார். ஆயினும் அவருடைய கட்டுரை காம்ப்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரைப் பகுதியாக வந்தமையால் பரவலாக அறியப்படவில்லை. விரிந்த சான்றுகளோடு அதனை நிறுவியது, 1856இல் கால்டுவெல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே.

வடமொழி தென்மொழிகளிடம் கடன் பெற்ற சொற்களின் பட்டியல் ஒன்றும் அந்நூலில் உண்டு. காரச்சுவையைக் குறிக்கும் 'கடு' அதில் இடம்பெற்றுள்ளது. கடனை எவ்வாறு கண்டறிவது? ஒரு சொல் வடமொழியில் சுற்றமின்றித் தனித்து நின்று, தமிழில் பெருங்குடும்பமாகக் கிளைத்திருக்க வேண்டும். வடமொழியின் பிற உறவுமொழிகளில் அது காணப்படலாகாது. வடமொழியார் கூறும் வேர்ப்பொருள் வலிந்து கூறியதாக இருக்க வேண்டும். இவை அவர் வகுத்த அளவைகளுட் சில. தமிழில் கடுத்தல், கடுப்பு, கடுமை, கடுஞ்சினம், கடுமொழி எனச் சுற்றம் விரிவதை நாமே அறிவோம். மூன்றாம் அளவைக்கு இஞ்சி நல்ல எடுத்துக்காட்டு. வடமொழியில் அது 'சிருங்கவேர'. கொம்புபோன்ற உடலுடையது என்று அதற்குப் பொருள் கற்பித்தனர். ஆயின், அதன் ஈற்றில் நிற்பது நம் 'வேர்' என்பதைப் பிற்கால ஆய்வாளர் தெளிவுபடுத்தினர். காஞ்சிபுரம் இட்லியில் சேரும் சுக்கு, கிரேக்கரிடம் 'சிங்கிபெரிஸ்' ஆகி, ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' என வழங்குகிறது.

'கடு' பற்றிய வழக்கு அவ்வளவு எளிதில் முடிவதன்று. லித்துவேனிய மொழியில் 'கார்துஸ்' என்றால் கசப்பு. இதனையும் வெட்டுதலைக் குறிக்கும் வடமொழி வேரையும் காட்டி, 'கடு' வடமொழிக்கே உரியது என்பாரும் உளர். காரத்தைக் குறித்த அச்சொல்லே இந்தியில் 'கட்வா' எனத் திரிந்து கசப்பைக் குறிப்பதால், பொருள் வேறுபாடும் அவர்களுக்குத் தடையாகவில்லை. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலேயே 'கடுக' வருகிறது. கால்டுவெல் கூற்று சரியெனின், அத்தொல்காலத்திலேயே இருமொழிக் குடும்பத்தாரும் கலந்து பழகினர் என்றாகும். சிறிய சொல்லொன்றைப் பற்றிய வழக்கில் இத்துணைப் பெரிய வரலாறு அடங்கியுள்ளது. தமிழ்ச் சொற்குடும்பத்தின் பெருக்கம் கால்டுவெல்லுக்கு வலுவூட்டுகிறது. எனினும் லித்துவேனியச் சான்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

திராவிட மொழிகளைச் சித்திய இனத்தோடு இணைத்த அவருடைய கருத்தை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. தென்மொழிகள் தனிக்குடும்பம் என்னும் முடிவோ அசையாது நிற்கிறது.

1875இல் நூலை விரிவாக்கி இரண்டாம் பதிப்பாக வெளியிட்டார், 1877இல் ஆயரானார். 1891ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் கொடைக்கானலில் மறைந்தார். அவருடல் மலையிலிருந்து இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டு, அவர் எழுப்பிய ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.