தொண்டே தலைமை

தலைமையை நாடும் கல்லூரி வாலிபர்களுக்குத் திருப்பூர் தந்த ஓர் உத்தம வாழ்க்கையை நினைவூட்ட விரும்புகிறோம். 1903-ல் அவ்வூரில் செல்வக் குடியிற் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் சட்டம் பயின்றவர். வக்கீல் தொழிலில் பொருளீட்டிச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். அவரோ தேச விடுதலைக்காகப் பன்முறை சிறை புகுந்தார். 1930-ல் கோவையில் ஸ்ரீ ராமகிருஷ்ண வித்தியாலயத்தை ஸ்தாபித்தார்; அதுவே அவர் வாழ்நாட் பணியாயிற்று. 1946-ல் சென்னை மாகாணக் கல்வி மந்திரியானார். தமிழ்க் கலைக்களஞ்சியம் உருவாக அடிகோலினார். 1991-ல் மறைந்தார்.

பதவியைத் தேடி அவர் தொண்டுக்கு வரவில்லை. தொண்டு செய்த இடத்துக்குப் பதவி வந்தது. இன்று திருப்பூர் பனியன் தொழிலை நம்பி வெளிமாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளரின் குழந்தைகள் பலர் தமிழெழுத்து அறியாது தவிக்கின்றனர். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களோடு அமரும் மாணவனையே நாம் நாளைய தலைவன் என்போம்.