வரலாறு படித்தவர்: பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புனேயில் இருக்கும் என் பிள்ளை போன் செய்தான். பேத்தி பிளஸ் டூ முடிக்கப் போகிறாள், நல்ல மார்க் வாங்குகிறவள். பி.ஏ. ஹிஸ்டரிதான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாளாம். மாட்டுப்பெண்ணுக்குக் கவலை. தாத்தா சொன்னால் கேட்பாள், அப்பா நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்து விட்டேன்.

உடனே பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் உண்டு. 1997ல் இதே பிள்ளை பிளஸ் டூ முடித்தபோது இதே வரலாற்றைத்தான் கேட்டான். நான் சம்மதிக்கவில்லை. ராஜா எப்போது பிறந்தான், எப்போது செத்தான் என்று படித்து என்ன சம்பாதிக்கப் போகிறாய் என்று சொல்லி இன்ஜினீயரிங்கில் சேர்த்தேன். அவனும் மறுபேச்சுப் பேசாமல் படித்து நல்ல நிலைக்கு வந்து விட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாததுதான் எனக்கு உறுத்துகிறது.

நான் 1969ல் பி.எஸ்ஸி. பௌதிகம் முடித்து, கணக்குத் தணிக்கைத் துறையில் சேர்ந்து ஓய்வு பெற்றவன். வரலாறு என்பது மனப்பாடம், சயன்ஸ் என்பது நிரூபணம் என்பது என் தலைமுறையில் பலருடைய அபிப்பிராயம். எனக்கும் அதுவே. அதை மாற்றியது, ஓய்வுக்குப் பிறகு நான் படிக்க ஆரம்பித்த ஒருவருடைய புஸ்தகங்களும் வாழ்க்கையும். அவர்தான் கல்லிடைக்குறிச்சி நீலகண்ட சாஸ்திரி.

கல்லிடைக்குறிச்சி என்றதும் நம்மில் பலருக்கு அப்பளம் ஞாபகத்துக்கு வரும். தாமிரபரணிக் கரையில் அக்ரஹாரங்கள் நிறைந்த ஊர். அங்கே தெலுங்கு பேசும் நியோகி பிராமணக் குடும்பம் ஒன்றில், 1892ஆம் வருஷம் ஆகஸ்ட் 12ஆம் தேதி சாஸ்திரி பிறந்தார். வசதியில்லாத குடும்பம். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்து, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்கு வந்தார். எம்.ஏ. பரீட்சையில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறினார். அந்தக் காலத்தில் அப்படித் தேறிய பையன் சட்டம் படித்து வக்கீலாவான், அல்லது சர்க்கார் உத்தியோகத்துக்குப் போவான். ஏழைக் குடும்பத்துக்கு அதுதான் விமோசனம். சாஸ்திரியோ 1913ல் தாம் படித்த இந்துக் கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பிப் போனார்.

அந்தச் சமயத்தில் தென்னிந்திய வரலாறு என்பது எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பதே, 1880களில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் அங்குள்ள கல்வெட்டுகளைப் படித்த பிறகுதான் உறுதியானது. அதுவரை கரிகாலன் கட்டியது, காடுவெட்டிச் சோழன் கட்டியது என்று ஆளுக்கு ஒரு கதை. அதற்குப் பிறகு வெங்கய்யா போன்ற அறிஞர்கள் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914ல் இந்திய வரலாறு, தொல்லியல் துறை ஏற்பட்டு, சாக்கோட்டை கிருஷ்ணசாமி ஐயங்கார் அதன் பேராசிரியரானார். ஆயிரக்கணக்கில் கல்வெட்டுகள் சேர்ந்து விட்டன. அவற்றை வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, ஒரு தேசத்தின் கதையாக எழுத ஆள் வேண்டியிருந்தது.

சாஸ்திரி 1918 முதல் 1920 வரை காசி ஹிந்து சர்வகலாசாலையில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். பிறகு சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் புதிதாகத் தொடங்கிய மீனாட்சி கல்லூரிக்கு முதல்வராக வந்தார். பின்னால் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது இந்தக் கல்லூரிதான். 1929ல் திருச்சி நேஷனல் கல்லூரியில் சிறிது காலம் இருந்தபின், அதே வருஷம் கிருஷ்ணசாமி ஐயங்காருக்கு அடுத்தபடியாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். 1946 வரை 17 வருஷம் அந்தப் பதவி. பாண்டியர் வரலாற்றை 1929லேயே வெளியிட்டு விட்டார். சோழர் வரலாற்றின் முதல் பாகம் 1935லும் இரண்டாம் பாகம் 1937லும் வந்தன.

அந்தச் சோழர் வரலாற்றைக் கையில் எடுத்தபோது எனக்கு முதல் ஆச்சரியம் காத்திருந்தது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985ஆம் வருஷம் ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையில் என்று கணக்காகச் சொல்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதி ஒரு மாத வித்தியாசத்துக்குள் எப்படித் தெரிந்தது? கல்வெட்டில் ராஜாவின் ஆட்சியாண்டோடு திதி, வாரம், நட்சத்திரம், சில இடங்களில் கிரகணமும் கொடுத்திருப்பார்கள். இவையெல்லாம் சேர்ந்து வரும் நாள் வானசாஸ்திரக் கணக்கில் மிக அபூர்வம். கீல்ஹார்ன் என்ற ஜெர்மானியர் பல கல்வெட்டுகளை இப்படிக் கணித்து, ஒவ்வொன்றும் எந்தத் தேதிகளுக்குள் பொருந்தும் என்று சுருக்கிக்கொண்டே வந்தார். நம் சுவாமிக்கண்ணுப் பிள்ளை இதற்கென்றே பெரிய அட்டவணைகள் தயாரித்தார். சாஸ்திரி கட்டிய கட்டடத்துக்கு இது போன்ற கணக்குகள்தான் அஸ்திவாரம். பௌதிக லாபரட்டரியில் பல அளவுகளை எடுத்து, பிழையின் எல்லையைக் குறிக்கச் சொல்லிக் கொடுத்தார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது, உத்தரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த விதிகள் அவற்றில் இருக்கின்றன. சாஸ்திரி இவற்றை 1932ல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்தார். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் மறுபடி நிற்கக் கூடாது என்று ஒரு விதி. தணிக்கைத் துறையில் காலம் தள்ளிய எனக்கு அதைப் படித்ததும் எழுந்து நின்று கும்பிடலாம் போலிருந்தது. அதே சமயம், அது வேதம் படித்த, நிலமும் சொந்த மனையும் உள்ள பிராமண ஆண்களின் சபை என்பதையும் அந்தக் கல்வெட்டே சொல்கிறது. ஊரில் இருந்த மற்றவர்களுக்கு அதில் இடம் இல்லை. பெருமையான வரியை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் அது வரலாறு ஆகாது.

நமக்கு ருசிக்காத விஷயமும் உண்டு. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு ஆதித்த கரிகாலன் கொலை தெரியும். பேத்திக்கு 2022ல் வந்த சினிமாவில்தான் இந்த ஆர்வமே தொடங்கியது. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில், கொலை செய்த துரோகிகள் என்று ரவிதாசன், சோமன் முதலியவர்களையும் அவர்கள் உறவினர்களையும் குறிப்பிட்டு, அவர்கள் சொத்து பறிமுதலானதைச் சொல்கிறது. பிரம்மாதிராஜன் என்ற பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகள் அவர்கள். சாஸ்திரி இதை மூடி மறைக்கவில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், அடுத்துப் பட்டத்துக்கு வந்த உத்தம சோழனுக்கும் இதில் பங்கு இருந்திருக்கும் என்று கருதினார். சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்துக் காரணங்கள் கொடுத்தார். யார் சொல்வது சரி என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது. இருவருக்கும் ஆதாரம் ஒரே கல்தான்.

சாஸ்திரியிடம் படித்தவர்களில் சி. மீனாட்சியை நம் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1905ல் பிறந்தவர். பல்லவர் ஆட்சியையும் சமூக வாழ்க்கையையும் ஆராய்ந்து, 1936ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். அந்த ஆராய்ச்சி 1938ல் புஸ்தகமாக வந்தது. 1940ல், 35 வயது நிறைவதற்குள் காலமாகி விட்டார். பல்லவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் புஸ்தகத்தை ஒதுக்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சாஸ்திரி சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து விடவில்லை. ஸ்ரீவிஜயத்தைப் பற்றிய நூலை 1949ல் வெளியிட்டார். 1952 முதல் 1956 வரை மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தென்னிந்திய வரலாறு என்ற அவருடைய பிரபலமான நூல் 1955ல் வந்தது. சோழர் வரலாற்றையும் திருத்தி அதே வருஷம் மறுபதிப்புக் கொண்டுவந்தார். இருபது வருஷத்தில் புதிதாகக் கிடைத்தவற்றைச் சேர்த்து, தாம் எழுதியதைத் தாமே திருத்தினார். 1957ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அந்த வருஷம் முதல் 1972 வரை, யுனெஸ்கோ ஆதரவில் சென்னையில் நடந்த தென்கிழக்காசியப் பாரம்பரியக் கலாசார நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். பதவியை விட்டபோது அவருக்கு வயது ஏறத்தாழ 80. 1975ஆம் வருஷம் ஜூன் மாதம், 83ஆவது வயதில் காலமானார்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார். தமிழ் இலக்கியச் சான்றுகளுக்கு வையாபுரிப் பிள்ளை போன்றவர்களின் உதவியை நாடினார் என்ற விமரிசனம் உண்டு. சோழப் பேரரசை மிக வலுவான மைய ஆட்சியாகக் காட்டி விட்டார் என்று பின்னால் அமெரிக்க அறிஞர் பர்ட்டன் ஸ்டைன் வாதிட்டார். ஜப்பானியர் நொபொரு கராஷிமாவும் நம் சுப்பராயலுவும் கல்வெட்டுகளில் வரும் பெயர்களை ஆயிரக்கணக்கில் எண்ணி, கம்ப்யூட்டரில் பகுத்து, இரண்டு பேரையும் திருத்தினார்கள். நியூட்டனை ஐன்ஸ்டீன் திருத்தியதால் நியூட்டன் சிறியவராகி விடவில்லை. இங்கும் அப்படித்தான்.

இதையெல்லாம் எழுதுவதால், எல்லோரும் குழந்தைகளை வரலாற்றில் சேர்த்து விடுங்கள் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். முதல் சம்பளம் இன்ஜினீயருடைய சம்பளம் போல இருக்காது. பி.ஏ.வோடு நிற்காமல் எம்.ஏ., அதற்கும் மேலே என்று போக வேண்டியிருக்கும். ஸம்ஸ்கிருதம், பாரசீகம், பழைய தமிழ் என்று ஏதாவது ஒரு மூல பாஷையை உழைத்துக் கற்க வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்க 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு இருக்கிறது. கஷ்டங்களைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் படியெடுத்தும் அச்சேறாத கல்வெட்டுகள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. படிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆசையும் உழைப்பும் உள்ள குழந்தையை, நமக்குத் தெரியாத துறை என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்கக் கூடாது. நான் தடுத்தது அந்த ஒரே காரணத்துக்காகத்தான்.

மறுநாள் பிள்ளைக்கு நானே போன் செய்தேன். பேத்தி ஹிஸ்டரியே படிக்கட்டும், எம்.ஏ. வரை ஆகும் செலவில் என் பென்ஷனிலிருந்தும் ஒரு பங்கு தருகிறேன் என்றேன். பிறகு, 1997ல் உன் விஷயத்தில் நான் செய்தது தப்பு என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. அப்புறம், அந்த சாஸ்திரி புஸ்தகத்தை முதலில் எனக்கு அனுப்புங்கள் அப்பா, நான் படித்துவிட்டு அவளுக்குக் கொடுக்கிறேன் என்றான். இரண்டு பேருக்குமாக இரண்டு பிரதி ஆர்டர் செய்திருக்கிறேன்.